குறை காட்டாத கண்ணாடி

நீச்சலுடைக் கம்பெனியின் புதிய கடைக்காக அருமைநாதன் வடிவமைத்த கணினித் திரைக் கண்ணாடி, வாங்க வருபவருக்கு உடையை அணிவித்துக் காட்டும்; உடலில் எந்தக் குறையையும் காட்டாது. கடை திறக்குமுன் அதை வீட்டில் மாட்டி, மனைவி ரெஜினாவை முன்னால் நிறுத்தினான். புற்றுநோய்க்கு இடது மார்பை எடுத்ததிலிருந்து அவள் கடற்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

கண்ணாடியில் நீல நீச்சலுடை அணிந்து, இரண்டு மார்புகளோடு நின்றாள்.

"பாத்தியா? பழைய மாதிரியே இருக்க!"

"இத்தனை நாளா இவளைத்தான் தேடிட்டிருந்தீங்களா?"

"ஐயோ, உனக்காகத்தான் செஞ்சேன் ரெஜி."

கண்ணாடியில் அவள் அழகாகச் சிரித்தாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பக்கத்தில் விசும்பல் கேட்டுத் திரும்பியபோதுதான், கண்ணீரும் ஒரு குறை என்று கண்ணாடிக்குச் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்பது நினைவுக்கு வந்தது.