ஏழு கிலோமீட்டர் இருட்டு

டமார் என்று சத்தம் கேட்ட பிறகுதான் அசுந்தா பிரேக்கை மிதித்தாள்.

வண்டி வழுக்கிக்கொண்டு போய், ஆலிவ் தோப்பின் கல்சுவரை ஒட்டி நின்றது.

மாலை ஐந்தரைதான். ஆனால் இத்தாலியில், நவம்பரில், அந்தச் சாலையில் ஐந்தரை என்றால் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி.

மிச்சமிருந்த ஒரு முன்விளக்கின் வெளிச்சத்தில் நெளிந்துபோன சைக்கிள் மட்டும் தெரிந்தது. ஆளைக் காணவில்லை.

இறங்கி ஓடினாள். சாலையோரப் பள்ளத்தில் பக்காரி கிடந்தான்.

காம்பியாவிலிருந்து வந்தவன். நான்கு வருடமாக அந்த ஊரின் தக்காளியையும் ஆலிவையும் பறிக்கிறவன். புதன்கிழமைதோறும் மாதா கோவிலின் பங்குக் கூடத்தில் அவளிடமே இத்தாலி மொழி படிக்கிறவன்.

முகமெல்லாம் ரத்தம். வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மூச்சு மட்டும் இருந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தினாள். சேற்றில் மண்டியிட்டு அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் கண் திறக்கவில்லை.

அசுந்தா ஓய்வுபெற்ற ஆசிரியை. பங்கின் சமூகநீதிக் குழுவுக்குத் தலைவி. இந்த ஏழு கிலோமீட்டர் சாலைக்கு விளக்கு கேட்டு ஒன்றரை வருடமாக நகராட்சியோடு மல்லுக்கட்டுகிறாள்.

தோட்ட வேலை முடிந்து சைக்கிளில் திரும்பியவர்களில் இரண்டு பேர் இதே சாலையில் செத்துப்போயிருந்தார்கள். அவர்கள் பெயர்களைத் திருப்பலியில் வாசிக்க வைத்தவள் அவள்தான். கோவில் வாசலில் நின்று இரண்டாயிரம் கையெழுத்து வாங்கியவளும் அவள்தான்.

அன்றும் மேயர் அறையில் மேசையைத் தட்டிவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தாள். இன்னொருத்தன் அடிபட்டால் அந்தப் பாவம் உங்கள் தலையில்தான் என்று மேயரிடம் சொல்லி அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. உயிருக்குப் பயமில்லை, காலைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள்.

அடுத்து போலீஸ் ஜீப் வந்தது. இறங்கியவன் சவீனோ. மூன்றாம் வகுப்பில் அவளிடம் படித்தவன். இப்போது பங்குத் திருவிழாவில் மாதா சுரூபத்துக்குத் தோள்கொடுக்கிறவன்.

அவளை அங்கே பார்த்ததும் ஒரு நிமிடம் திகைத்தான். பிறகு ஜீப்பிலிருந்து ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் ஒன்றை எடுத்துவந்து அவளுக்குப் போட்டுவிட்டான். இருட்டில் இப்படி நடுரோட்டில் நின்றால் உங்களையும் எவனாவது அடித்துத் தூக்கிவிட்டுப் போய்விடுவான் டீச்சர் என்றான். மேயரை இன்றைக்கு உரித்துத் தொங்கவிட்டீர்களாமே, ஊரே பேசுகிறது என்று சிரிக்க வைக்கவும் பார்த்தான்.

அவள் சிரிக்கவில்லை. அந்த மஞ்சள் துணியை இரண்டு விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

சவீனோ ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தான். எவ்வளவு வேகம்? ஐம்பது. போன்? கைப்பைக்குள். குழாயில் ஊதச் சொன்னான். ஊதினாள். சுத்தம்.

பேனாவை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பயப்படாதீங்க டீச்சர். சைக்கிள்ல லைட் இல்ல, மேல ஜாக்கெட் இல்ல. தப்பு முழுக்க அவன் மேலதான் போகும். நூறு தடவை சொல்லியாச்சு இவனுங்களுக்கு. அஞ்சு யூரோ ஜாக்கெட், வாங்கிப் போட வலிக்குதா?"

அப்படியானால் அவனுக்கு என்ன ஆகும் என்று கேட்டாள்.

சவீனோ பிடரியைச் சொறிந்தான். இன்ஷூரன்ஸில் பெரிதாக ஒன்றும் தேறாது. கால் சேரும்வரை வேலை கிடையாது. வேலை இல்லையென்றால் ஜனவரியில் அவன் தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பதும் கஷ்டம். அதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொண்டே தாளை அவள் பக்கம் திருப்பினான்.

பரீட்சைத் தாளைப் படிக்கிற மாதிரி வரி வரியாகப் படித்தாள்.

கடைசி வரி இதுதான்: சைக்கிளில் வந்தவர் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் அணியவில்லை, காரணம், அவரது கவனக்குறைவு.

கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தான்.

கையெழுத்துப் போட்டால் எல்லாம் அப்படியே இருக்கும். அவள் குழு இருக்கும். இன்னொருத்தன் அடிபட்டான் என்று நாளைக்கே மேயர் அறைக்குப் போய் மறுபடியும் மேசையைத் தட்டலாம். விளக்குகூட வந்துவிடும்.

போடாவிட்டால் மேயர் அவளை விடமாட்டார். ஒன்றரை வருடப் பாடு ஒரே நாளில் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

தூரத்தில் ஒரு லாரி வந்தது. அதன் வெளிச்சத்தில் அவள் மேலிருந்த ஜாக்கெட் பளீரென்று எரிந்தது. லாரிக்காரன் அவ்வளவு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஒதுங்கிப் போனான்.

அசுந்தா பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை. கவனக்குறைவு என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

சவீனோ பதறிப்போய் அவள் கையைப் பிடித்தான்.

"மாத்தி எழுது சவீனோ. இவங்களுக்குக் குடுக்க வாங்குன நாப்பது ஜாக்கெட் பத்து நாளா என் வண்டி டிக்கியில கிடக்கு. ஞாயித்துக்கிழமை பிஷப் வந்து மந்திரிச்சு அவர் கையால குடுக்கட்டும்னு நான்தான் நிறுத்தி வச்சேன். இவன் புதன்கிழமையே கேட்டான், 'நான் முஸ்லிம்தானேம்மா, எனக்கு மந்திரிக்காததே ஒண்ணு குடுங்க'ன்னு."