பாதி வேகம்

உலோகச் சேர்மத்தில் டி.என்.ஏ.வைச் சொட்டுச் சொட்டாக விட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்ட ஒட்ட, ஒளியை அளக்கும் கருவியின் திரையில் கோடு இறங்கும்; முழுதும் ஒட்டி முடிந்தால் அடியில் போய் நிற்கும். பதினோரு வருஷமாக ஆய்வகத்தில் அந்த ஆராய்ச்சிக்காரி பார்த்துச் சலித்த கோடு அது.

அன்று மதியம் அவள் டி.என்.ஏ.வை இன்னும் விடவே இல்லை. கண்ணாடிக் குப்பியில் இருந்தது வெறும் சேர்மமும் தண்ணீரும்தான். ஆனாலும் கோடு இறங்கியது.

குப்பியைக் கழுவிப் புதுக் கரைசல் ஊற்றினாள். மறுபடியும் இறங்கியது. அவள் தள்ளிப் போனால் நின்றது, பக்கத்தில் வந்தால் மூன்று நிமிஷத்துக்கு ஒரு கட்டம் இறங்கியது.

"நகருடி, நான் நின்னு பார்க்கிறேன்," என்றாள் கூட வேலை பார்க்கும் தோழி. கோடு அசையவில்லை. "உன்னைத்தான் அதுக்குப் பிடிச்சிருக்கு போல," என்று சிரித்தாள்.

ஆராய்ச்சிக்காரி கருவியை அப்படியே விட்டு வெளியே வந்தாள். கீழ்த்தளத்துக்குப் போய் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது.

"மறுபடி இறங்குதுடி," என்றாள் தோழி.

"நான்தான் அங்க இல்லையே!"

"அதான் புரியல. ஆறு நிமிஷத்துக்கு ஒரு கட்டம். சரியா பாதி வேகம்."

"பக்கத்துல யாரு இருக்கா?"

"உன் பொண்ணுதான். பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுட்டாங்களாம். உன் நாற்காலியில உட்கார்ந்திருக்கா."

தாயின் டி.என்.ஏ.வில் பிள்ளைக்குப் போவது சரிபாதி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறிக் கதவைத் திறந்தாள்.

மகள் கன்னத்தில் கை வைத்துக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் கோடு அடியைத் தொட இன்னும் சில கட்டங்களே இருந்தன.

"கிட்ட வராதம்மா," என்றாள், திரும்பாமலே. "நீ வந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்."