வெளி ஆள் எழுதியது

எங்கள் ஆய்வு அலுவலகத்தில் கணினிகளுக்குப் பொறுப்பு தயாளன் அண்ணன். தடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. அதற்குத்தான் பத்து வருடமாகச் சம்பளம்.

என் புள்ளிவிவர மென்பொருளில் ஒரு கூடுதல் நிரலைச் சேர்க்க வேண்டியிருந்தது. யாரோ ஒரு பேராசிரியர் எழுதி இலவசமாகக் கொடுத்தது. அது இல்லாமல் அறிக்கை முடியாது. அறிக்கை முடியாவிட்டால் என் வேலையும் நீடிக்காது.

"வெளி ஆளு எழுதுனதெல்லாம் உள்ள விட முடியாது லா, ரூபினி" என்று சொல்லிவிட்டு, தயாளன் அண்ணன் சூலியா தெருவுக்குத் தே தாரிக் டீ குடிக்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நிரலை என் சொந்தக் கோப்புறையில் நிறுவினேன். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பதுகூட அந்த மேதைக்குத் தெரியாது. பாதியில் திரை கேட்டது: 'ஏற்கெனவே உள்ள "தயாளன்" என்ற நிரல் இதைத் தடுக்கிறது. நீக்கவா?'

திமிரைப் பார், தன் பெயரையே வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு 'ஆம்' என்று அழுத்தினேன். நீங்கிவிட்டது. அறிக்கையும் முடிந்தது.

சாயங்காலம் தயாளன் அண்ணன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கதவு திறக்கவில்லை. தட்டினார். பத்து வருடமாக அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்த ஹைருல் நிமிர்ந்து பார்த்தான்.

"யாரு அது, அக்கா?"

நானும் ஒரு முறை பார்த்தேன்.

"வெளி ஆளு லா" என்றேன்.