தொண்ணூற்று நான்கு கிலோ

"எழுபத்தாறு கிலோ," என்றாள் நர்ஸ், மயக்க மருந்துச் சீட்டில் குறித்துக்கொண்டே.

"இருக்காதே. தொண்ணூத்தி நாலு," என்றாள் புர்கி. "உங்க தராசுலதான் ஏதோ கோளாறு."

"இந்தக் கட்டில்லயே இருக்கிற தராசு இது, பொய் சொல்லாது. வீட்டுக்காரரை வருஷக்கணக்கா பார்த்துப் பழகிட்டா இப்படித்தான். எடைகூடத் தெரியாமப் போயிடும்." நர்ஸ் சிரித்துக்கொண்டே கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள். வலி மருந்தின் அரைத் தூக்கத்தில் அல்ஃபோன்ஸ் கண்ணை மூடிக் கிடந்தான்.

கதவு மூடியபிறகுதான் புர்கிக்கு உறைத்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பிடித்திருக்கும் பூட்டு, ஆள் விழுந்தால் தானாகத் திறந்து காலை விட்டுவிட வேண்டும். அதை எவ்வளவு இறுக்குவது என்பதை ஆளின் எடையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்; எடை கூடினால் இறுக்கமும் கூடும். நேற்று வாடகைக் கடையில் அவன் காலணியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, படிவத்தை நிரப்பியது அவள்தான். பின்னால் நீண்ட வரிசை. பெயர், வயது, உயரம், எடை. பதினொரு பிப்ரவரிகளாக இங்கே வந்து எழுதிவந்த எண்ணைக் கை தானாக எழுதிவிட்டது. அவன் கையெழுத்துப் போட்டான்.

இன்று காலை, சிறுவர்கள்கூட விழாத ஒரு திருப்பத்தில் விழுந்தான். பூட்டு திறக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

அறுவை சிகிச்சைக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அவனுடைய இரவு உடையை எடுத்து வர அவள் விடுதிக்கு நடந்தாள். பழைய கோட்டைச் சுவரையே முதுகுச் சுவராக வைத்துக் கட்டிய விடுதி அது. வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த விடுதிக்காரி வால்ட்ராட் நிமிர்ந்தாள்.

"இந்தச் சுவர் ஐந்நூறு வருஷமா நிக்குது. உங்க ஆளு கால் ரெண்டு நாள் நிக்கலையே."

புர்கி சிரிக்க முயன்றாள்.

"பூட்டு திறக்கலையாமே? அந்தக் கடைக்காரனைச் சும்மா விடாதீங்க. எடையைச் சரியா பார்த்திருக்க மாட்டான்."

எடையை எழுதியது தான்தான் என்று புர்கி சொல்லவில்லை. சொல்லாதது இன்னொரு குற்றமாகக் கூடவே மாடிப்படி ஏறி வந்தது.

அவன் மெலிந்தது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அக்டோபரில் பீரை விட்டுவிட்டேன் என்றான். கால்சட்டைகள் தொளதொளத்தபோது, "யாரை மயக்கறதுக்கு இந்த அழகு?" என்று கேட்டவள் அவள்தான். அதற்கு முன்னால் பத்து வருடம், நண்பர்கள் மத்தியில்கூட, அவனைப் பீப்பாய் என்றே கூப்பிட்டவளும் அவள்தான். அந்தக் கேலிக்காகவே அவன் வாயைக் கட்டியிருக்க வேண்டும். நேற்றுகூட சூப்பை மட்டும் குடித்துவிட்டு, அதில் கிடந்த ஈரல் உருண்டைகளை அவள் தட்டுக்குத் தள்ளினான். "உனக்குத்தான் பிடிக்குமே," என்றான். அவளும் பேசிக்கொண்டே எல்லாவற்றையும் தின்று தீர்த்தாள்.

அவன் கண் திறந்தபோது ஜன்னலில் மதிய வெயில் இருந்தது. எதிரே கோட்டை வாயில் கோபுரத்தின் கூரையில் இரண்டு பேர் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"காலு இருக்கா?" என்றான்.

"இருக்கு. உள்ளே கம்பி வெச்சிருக்காங்க."

"அப்போ எடை கொஞ்சம் கூடியிருக்கும்."

அவளால் தாங்க முடியவில்லை. "ஃபோன்சி, உன் காலை உடைச்சது நான்தான்," என்றாள். படிவத்தைப் பற்றி, நர்ஸ் சொன்னதைப் பற்றி, எல்லாம் சொன்னாள். "ஒரே கட்டில்ல படுக்கறேன். உன் எடை என்னன்னு எனக்கு நர்ஸ் சொல்லித் தெரிய வேண்டியிருக்கு. நீ எனக்காக இளைச்சிருக்கே. நான் அந்தப் பழைய பீப்பாயையே எழுதிக் குடுத்திருக்கேன்."

அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபுரத்து ஆட்கள் கூரையின் ஒரு பக்கத்தை முழுதாக வழித்து முடித்தார்கள்.

"திட்டிடு," என்றாள். "இப்படிப் பேசாம மட்டும் இருக்காதே."

"பீரை நான் விடல, புர்கி." அவன் குரல் வறண்டிருந்தது. "அக்டோபர்லேர்ந்து தொண்டையில எதுவும் சரியா இறங்கல."

போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். திங்கக்கிழமை வைத்தியம் ஆரம்பிக்கணும்னு சொல்லியிருக்காங்க. ரொம்ப நம்பிக்கையா ஒண்ணும் சொல்லல. இந்த ஒரு வாரம் எப்பவும் போல இருந்துட்டு, ஊருக்குப் போய் உன்கிட்ட சொல்லலாம்னு நினைச்சேன்."

கூரையின் மறுபக்கத்திலிருந்து பனி விழும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு, எங்கோ பிடித்துக்கொள்ள இடம் தேடுகிறவள்போல அவள் கேட்டாள். "அந்தப் படிவத்தை நீ பார்க்காமத்தானே கையெழுத்துப் போட்டே?"

"பார்த்தேன்," என்றான். "திருத்தியிருந்தா, ஏன்னு கேட்டிருப்பே."