பிலிமத்தலாவையிலிருந்து ஒரு முறைப்பாடு

"இதை முதல்ல திரையில இருந்து எடுங்க!"

கஜேந்திரன் முதலாளி போட்ட சத்தத்தில் கிளை மேனேஜர்கள் எல்லாரும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

கண்டி, அக்குறணை, மாத்தளை என்று பிரிட்ஜ், வொஷிங் மெஷின் விற்கும் கடைகள் வைத்திருப்பவர் அவர். வாடிக்கையாளர் விவரமெல்லாம் தலைமைக் கடைக் கம்பியூட்டரில் இருக்கிறது. அதை அந்தந்த நிமிடமே எல்லாக் கிளைக்கும் காட்டுகிற இணையப் பக்கம் ஒன்றைச் செய்துகொண்டு வந்திருந்தார்கள் நிவேதிகாவும் யதுர்சனும். அவர்கள் இரண்டு பேர்தான் கம்பனியே. இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் இழுத்து மூட வேண்டியதுதான்.

இணைப்பைக் கொடுத்ததும் திரையில் முதலில் வந்து நின்றது, சிவப்பு எழுத்தில் ஒரு முறைப்பாடு.

'பிலிமத்தலாவை. வொஷிங் மெஷின் பழுது. எத்தனை தடவை சொல்லியும் யாரும் வரவில்லை.'

அதற்குச் சற்று முன்புதான் முதலாளி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார்: "நம்ம கஸ்டமர் காலையில கூப்பிட்டா, பின்னேரத்துக்குள்ள வீட்டு வாசல்ல ஆள் நிக்கும்!"

"நான் அப்பவே சொன்னன், பொய்ப் பேருகளைப் போட்டு அழகாக் காட்டுவம் எண்டு," என்று யதுர்சன் நிவேதிகாவின் காதில் முணுமுணுத்தான். "எல்லாம் போச்சு."

அவள் காதில் வாங்கவில்லை. "எடுக்க ஏலாது சேர். உள்ளது உள்ளபடி வரத்தானே இந்த இணைப்பு? இதை மறைச்சா, நாளைக்கு எதை நம்புவீங்கள்?"

"மறைக்கிறதா? இப்படி ஒரு கஸ்டமரே இருக்க முடியாது! என்னை மடக்குறதுக்கு நீங்களே எழுதிப் போட்டிருக்கீங்க."

நிவேதிகாவுக்குச் சுரீர் என்றது. வேலை போனாலும் போகட்டும், பொய்க்காரி என்ற பேரோடு எழுந்து போக அவள் தயாராக இல்லை.

"பக்கத்தில இருக்கிற பட்டனை அமத்துங்கோ சேர். அந்த வீட்டுக்கே கோல் போகும். நீங்களே கதைச்சுப் பாருங்கோ."

"பேசுறேன். அப்படி ஒரு ஆள் இருந்தா, இந்த வேலை உங்களுக்குத்தான். எல்லார் முன்னாலயும் சொல்றேன். இல்லேன்னா, நடையைக் கட்டுங்க."

பட்டனை அழுத்தினார். மணி அடித்தது. யதுர்சன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"ஹலோ..." மழையில் கரகரத்துக்கொண்டு ஒரு பெண் குரல். ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது.

முதலாளியின் குரல் அப்படியே தேனாக மாறியது.

"வணக்கங்க மேடம். கம்பனி முதலாளி கஜேந்திரன் பேசுறேங்க. உங்க வொஷிங் மெஷின் பழுதுன்னு இங்க ஒரு தகவல் இருக்கு. உண்மையா இருந்தா தயவுசெஞ்சு மன்னிச்சுக்கோங்க. இப்பவே ஆளைக் கூட்டிக்கிட்டு நானே வர்றேங்க. வீடு எங்கன்னு மட்டும் சொல்றீங்களா மேடம்?"

மழைச் சத்தத்துக்கு மேலாக அந்தப் பெண் குரல் உயர்ந்தது.

"ஏங்க, வீட்டுக்கு வழி கூட மறந்து போச்சா?"

முதலாளி திரையில் இருந்த ஊர்ப் பெயரை மறுபடி பார்த்தார். "இராஜேஸ்வரி... நீயா?"

"நான்தான். மெஷின் பழுதுன்னு சொன்னப்ப, 'என் உசுரை வாங்காம கடையில சொல்லு'ன்னு எரிஞ்சு விழுந்தீங்களே? சொன்னேன். முதலாளி பொண்டாட்டின்னு சொல்லாம, ஊர்ல ஒருத்தியாச் சொன்னேன். ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கல. உங்க சட்டையெல்லாம் கையாலதான் துவைக்கிறேன்."

மேனேஜர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். யதுர்சன் மெல்லக் கண்ணைத் திறந்தான்.

'வேலை உங்களுக்குத்தான், முதல்ல இதை நிறுத்துங்க' என்று முதலாளி நிவேதிகாவுக்குக் கையால் சைகை காட்டினார். அவள் எழுந்து கிட்டே போவதற்குள் ஸ்பீக்கர் முந்திக்கொண்டது:

"கஸ்டமர்னா இவ்வளவு மரியாதையாப் பேசுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா, கல்யாணம் முடிஞ்ச மறுநாளே ஒரு கம்ப்ளெயின்ட் போட்டிருப்பேங்க!"