கிளட்ச் இல்லாத வண்டி

மெட்ராஸிலிருந்து வந்த மூன்று மாடுலேட்டர்களையும் சாக்கின் மேல் வைத்து, எல்லப்பன் குப்புறப் படுத்துப் பார்த்தான்.

மூன்றும் உள்ளங்கைக்குள் அடங்குகிற தகர டப்பிகள். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, வெளியே ஒரு ஊசி. இன்ஜின் ஒரு பக்கம் காற்றை உறிஞ்ச, மறுபக்கம் ஊசி கியர்பாக்ஸுக்குள் நகரும். ஓட்டுகிறவன் கை படாமல் கியர் மாறுவது அந்த ஊசியைப் பார்த்துத்தான்.

பழைய டப்பியில் சவ்வு கிழிந்துவிட்டது. இன்ஜின் காற்றோடு கியர் எண்ணெயையும் சேர்த்துக் குடித்தது. பத்து நாளாக முதலாளியின் அமெரிக்கக் கார் வெள்ளைப் புகை கக்கியது. கியர் மாறும்போதெல்லாம் பின்னாலிருந்து மாடு முட்டியதுபோல் குலுங்கியது.

"பாக்ஸே போயிடுச்சுன்றேன், நீ டப்பிய வச்சிகினு வெளாடற" என்றான் தங்கவேலு. செய்யாரிலிருந்து வந்த மெக்கானிக். பழைய டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். "லாரி பாக்ஸு ஒன்னு கெடக்குது. கிளட்ச் வச்சு மாட்னா நாளைக்கே ஓடும். நீ இன்னா, கிளட்சுன்னா பேயக் கண்டமாரி ஓடற?"

எல்லப்பன் சிரித்து வைத்தான்.

அவனுடைய இடது பாதம் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு செத்துப்போனது. நடப்பான். செருப்பு நழுவினால் கால் ஆணி என்பான். ஆனால் கிளட்ச் உட்பட எதையும் அந்தக் காலால் அழுத்தி மிதிக்க முடியாது. அதனால்தான் தறியை விட்டான். தறிக் குழியில் இறங்கினால் இரண்டு மிதிகட்டைகளையும் மாற்றி மாற்றி மிதித்தாக வேண்டும். ஊரில் முதுகுவலி என்று சொன்னான். உண்மை மனைவி கண்ணகிக்கு மட்டும் தெரியும்.

பட்டு வியாபாரி லோகநாதனிடம் ஏதாவது வேலை கேட்டுப் போனான். அந்த மாதமே அவர் கார் வாங்கினார். வந்த வண்டியில் கிளட்ச் இல்லை. கண்ணகி குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தாள். அது 1972. அன்றிலிருந்து ஆறு வருஷம் வலது காலாலேயே ஓட்டிவிட்டான்.

இந்த டப்பி தோற்றால் லாரி கியர்பாக்ஸ்தான். பிறகு வேறு டிரைவர்தான்.

முதல் டப்பிக்கு வாய் பெரிது. தள்ளி வைத்தான். மற்ற இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்தன. பழைய ஊசியின் நீளத்தை ஒரு பட்டு நூலில் அளந்து இரண்டிலும் வைத்துப் பார்த்தான். ஒன்றில் நூல் முனை அரிசி அளவு குறைந்தது. இன்னொன்றில் சரியாக நின்றது.

வண்டிக்கு அடியில் நுழைந்து மாட்டினான். ரப்பர் குழாயைத் துடைத்துச் செருகினான். எண்ணெய் ஊற்றிக் கிளப்பினான்.

வெள்ளைப் புகை வந்தது.

"சொன்னேனில்ல?" என்றான் தங்கவேலு.

எல்லப்பன் இன்ஜினை அணைக்கவில்லை. ஏற்கெனவே குடித்த எண்ணெய் எரிந்து தீர வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எண்ணத் தொடங்கினான். முந்நூறைத் தாண்டியபோது புகை மெலிந்தது. நானூறில் பின்னாலிருந்த சுவர் தெரிந்தது. அதன்பின் புகை இல்லை.

தங்கவேலு டீக் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தான்.

லோகநாதன் கடையிலிருந்து வந்து பின் சீட்டில் ஏறினார். "வந்தவாசி ரோட்ல வுடு" என்றார்.

இரண்டாவது கியர் விழும்போது வண்டி இன்னும் உதைத்தது. எல்லப்பன் ஓரம்கட்டி, கீழே படுத்து, குழாயைக் கழற்றி, டப்பியின் கழுத்துக்குள் இருந்த சின்ன திருகை ஒரு சுற்று தளர்த்தினான். மறுபடி ஓட்டினான். உதை குறைந்தது, போகவில்லை. இன்னொரு சுற்று. அதற்கு மேல் தளர்த்தப் பயம். பிடிப்பு குறைந்து வழுக்கினால் கியர்பாக்ஸ் உள்ளே கருகிவிடும்.

மூன்றாவது முறை புளியமரங்களுக்கு நடுவே வேகமெடுத்தபோது, உதைக்காகத் தோளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தான். இன்ஜின் சத்தம் தாழ்ந்தது. அவ்வளவுதான். கியர் மாறிவிட்டிருந்தது.

பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. தன்னுடையதுதானோ என்று எல்லப்பனுக்கு ஒரு கணம் சந்தேகம்.

"அப்பாடா" என்றார் லோகநாதன். "இந்த மூணு டப்பியத் தேடி மெட்ராஸ்ல நாலு நாளு அலைஞ்சேன். செருப்பே அந்துபோச்சு."

எல்லப்பனுக்குச் சந்தோஷத்தில் வாய் துணிந்தது. "ஏங்க மொதலாளி இவ்ளோ பேஜாரு? தங்கவேலு சொன்னாப்பல கிளட்ச் போட்டிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்குமே."

லோகநாதன் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். காற்று வந்தது.

"நீ கடைசியா நெய்ஞ்ச சேல எங்க கடைக்குத்தான் வந்துது எல்லப்பா. சேல ஒடம்பு முழுக்க, ஒரு வரி வுட்டு ஒரு வரி இழை தப்பியிருந்துது. வலது மிதி நல்லா வுழுந்திருக்கு. எடது மிதி வுழவே இல்ல."

எல்லப்பன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர் முகத்தைத் தேடினான்.

"அதுக்கப்புறந்தான் இந்த வண்டிய ஏலத்துல பாத்தேன்" என்றார் அவர். "ரோட்டப் பாத்து ஓட்டு."