கரிப்பொட்டு
ஜன்னல் வெயில் மேசைமேலிருக்கும் புதைபடிவக் கல்லில் சாய்வாக விழுகிறது. என்றோ பூண்டோடு அழிந்துபோன ஒரு செடியின் மகரந்தப்பை, மிளகளவு கரிப்பொட்டாக, காலைவரை அந்தக் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் செடிக்கு மிஞ்சிய ஒரே அடையாளம் அதுதான். அழுக்கென்று நினைத்து ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டார், கல் சுத்தம் செய்பவர். ஆராய்ச்சி செய்யும் பெண் லென்ஸை நகர்த்தி நகர்த்தித் தேடுகிறாள். "போட்டோல இருந்துச்சேண்ணா?" "பெட்டியத் திறக்கும்போதே காணோம் மேடம்." அவள் அப்படியே நம்பிவிடுகிறாள். "வர்ற வழியில உதிர்ந்திருக்கும். இருபது வருஷமா உங்க கையில ஒரு தூசி வீணானதில்ல. மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க, இதக் குடிங்க" என்று தேநீரை நீட்டுகிறாள். மேசைக்கடியில், கரி படிந்த பஞ்சை இறுக்கியிருக்கும் வலது கை விரிய மறுக்கிறது. அவர் இடது கையை நீட்டுகிறார்.